தி வாக்கிங் டெட்: நம்ம ஊர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொடரைப் பார்க்கச் சொல்லி கும்பகோணத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் பலரை நச்சரித்திருக்கிறேன். பார்த்து முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், பார்க்கலாமா என்று இன்னும் யோசிப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் ஐந்தில் கதையின் முடிச்சு எதுவும் அவிழாது. அவிழத் தொடங்கும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, பொணம் எழுந்து நடக்குது, இவங்க சுடுறாங்க. இதையா பதினோரு சீசன் பாக்கணும்?

அது மட்டும்தான் என்றால் நானே ஒரு சீசனோடு எழுந்து போயிருப்பேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரிக் கிரைம்ஸ் என்ற போலீஸ்காரர் குண்டடிபட்டு மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறார். கண் விழிக்கும்போது உலகம் முடிந்துபோயிருக்கிறது. வெளியே நடைப்பிணங்கள். மனைவியையும் மகனையும் தேடிக் கிளம்புகிறார், அங்கிருந்து கதை.

ஆனால் பிணங்கள் வெறும் சூழல்தான். இருக்கிற சாப்பாட்டை யார் பங்கு பிரிப்பது, வந்து கதவைத் தட்டும் ஆளை உள்ளே விடலாமா, தப்பு செய்தவனைத் துரத்துவதா கொல்வதா வைத்துக் காப்பாற்றுவதா, ஊர் என்று ஒன்றைத் திரும்ப எப்படி உண்டாக்குவது, இவைதான் பதினோரு சீசனும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். இவற்றை நிதானமாகக் காட்டும் இடங்களில் தொடர் உயரத்துக்குப் போகிறது. அந்த நிதானத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல் அதிர்ச்சி கொடுக்கப் பார்க்கும் இடங்களில் சரிந்து விழுகிறது. கீழே நான் சொல்லப்போகும் பாராட்டும் குறையும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில் வந்து நிற்கும்.

மொத்தம் எத்தனை எபிசோடு? எல்லாத்தையும் பாக்கணுமா?

177. ஏஎம்சி சேனலில் 2010 அக்டோபர் 31 அன்று ஆரம்பித்து 2022 நவம்பர் 20 அன்று முடிந்தது. முதல் சீசன் ஆறே எபிசோடுதான், அதனால் முதலில் அதை மட்டும் பாருங்கள். ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும், பிடிக்குமா பிடிக்காதா என்பதும் தெரிந்துவிடும். இரண்டாவதில் 13, மூன்று முதல் ஒன்பது வரை சீசனுக்கு 16, பத்தாவதில் 22, கடைசியில் 24.

எல்லாவற்றையும் கட்டாயம் பார்க்க வேண்டியதில்லை. முதல் ஐந்து சீசனை முழுசாகப் பாருங்கள். ஏழிலும் எட்டிலும் அலுத்தால் வேகமாகத் தள்ளலாம். ஆனால் ஒன்பதுக்கு முன்னால் நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க. கூட உக்காந்து பாக்கலாமா சார்?

வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது இல்லை. பேய் வந்து பயமுறுத்தும் வகைப் பயமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இதில் உடல் கிழிவதையும் தலை நசுங்குவதையும் மிகத் தத்ரூபமாகக் காட்டுவார்கள். ரத்தம் பார்க்க முடியாத பெரியவர்களுக்கும் சில காட்சிகள் கஷ்டம்தான். என் அனுபவத்தில், பிணங்கள் மனிதரைக் கடிப்பது இரண்டு நாளில் மறந்துவிடுகிறது, மனிதன் மனிதனுக்குச் செய்வது மறப்பதில்லை. அதையும் யோசித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

காமிக்ஸ்லேருந்து எடுத்ததாமே. அதைப் படிச்சாத்தான் புரியுமா?

படிக்காமலே புரியும். ராபர்ட் கிர்க்மன் எழுதிய கருப்பு வெள்ளைக் காமிக்ஸ் அது. முதல் ஆறு இதழ்களை டோனி மூர் வரைந்தார், அதற்கப்புறம் கடைசிவரை சார்லி அட்லார்ட். 2003இல் தொடங்கி, 2019 ஜூலையில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 193ஆவது இதழோடு முடித்துவிட்டார்கள்.

தொடர் அதன் பாதையிலேயே போனாலும் ஆட்களை மாற்றிப் போடுகிறது. எல்லாருக்கும் பிடித்த டேரில் காமிக்ஸில் கிடையாது. தொடரில் வெகுதூரம் வரும் சிலர் காமிக்ஸில் சீக்கிரமே இறந்துபோவார்கள், அங்கே நெடுநாள் இருப்பவர்கள் இங்கே பாதியில் போய்விடுவார்கள். ஆகவே படித்தவருக்கும் அடுத்து என்ன என்பது நிச்சயமாகத் தெரியாது. நல்ல தீர்மானம் அது.

அப்படி என்னதான் இதுல உசத்தி? ஒண்ணு ரெண்டு சொல்லுங்களேன்.

முதலில் நடிப்பு. மெலிஸா மெக்பிரைடின் கேரல் பாத்திரத்துக்கு ஈடாகத் தொலைக்காட்சியில் நான் பார்த்தது குறைவு. முதல் சீசனில் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் ஓரமாக நிற்கும் பெண். அவர் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதைப் பத்து வருடம் பொறுமையாகக் காட்டுகிறார்கள். இவ்வளவு மெதுவான மாற்றத்தை ஒரு சினிமாவில் செய்யவே முடியாது, நெடுந்தொடர் என்ற வடிவத்துக்கு மட்டுமே உள்ள வசதி அது. பண்ணைக்காரர் ஹெர்ஷலாக வரும் ஸ்காட் வில்சன், ரிக்காக வரும் ஆண்ட்ரூ லிங்கன் இருவரும் அதே அளவு. லிங்கன் பிரிட்டிஷ்காரர் என்பதை அந்தத் தெற்கத்திப் பேச்சைக் கேட்டு யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் ஒப்பனை. கிரெக் நிகோட்டெரோ குழுவினர் செய்த பிணங்கள் சீசனுக்குச் சீசன் அழுகிக்கொண்டே போகும். முதல் வருடம் செத்தவன் முகமும் எட்டாவது வருடத்தில் அலைபவன் முகமும் ஒன்றாக இருக்காது. படத்தின் பெரும்பகுதியை 16 எம்எம் ஃபிலிமில் எடுத்ததால் எல்லாவற்றிலும் ஒரு சொரசொரப்பு இருக்கிறது. ஜார்ஜியாவின் கோடையில், நிஜ வெயிலில் எடுத்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டுவதும் கழுத்தில் வேர்வை வழிவதும் பார்த்தவுடனே நமக்கு நம்பிக்கை வந்துவிடும், சித்திரை வைகாசியில் பேருந்துக்கு நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இனி வரும் பதில்களில் கதை உடையும். புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடிச்சாத்தானே மாறணும்? கடிக்காமலே செத்தவனும் எழுந்து வர்றானே, அது எப்படி?

எல்லாருக்குள்ளும் அந்தக் கிருமி ஏற்கெனவே இருக்கிறது. எப்படி இறந்தாலும் மூளை சிதையாவிட்டால் எழுந்துவிடுவார்கள். கடி செய்வது காய்ச்சலைக் கொடுத்துச் சீக்கிரம் கொல்வது மட்டும்தான். அதனால்தான் மூன்றாவது சீசனில் கடிபட்ட உடனே ஹெர்ஷலின் காலை வெட்டிக் காப்பாற்ற முடிகிறது. முதல் சீசன் கடைசியில் டாக்டர் ஜென்னர் ரிக்கின் காதில் சொன்னது இதைத்தான், ரிக் மற்றவர்களிடம் அதை உடைப்பது இரண்டாவது சீசன் கடைசியில்.

நோய் எங்கிருந்து வந்தது என்பதை இந்தத் தொடர் கடைசிவரை சொல்லாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. காட்டில் நிற்கும் பத்துப் பேருக்கு ஆய்வுக்கூடத்து ரகசியம் எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரிகிறது.

ரெண்டாவது சீசன் முழுக்கப் பண்ணை வீட்லயே உக்காந்திருக்காங்க. தூக்கம் வருது. தாண்டிடவா?

தாண்டாதீர்கள். மெதுவாகத்தான் போகும், மறுக்கவில்லை. அதற்குத் திரைக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. தொடரை உருவாக்கிய ஃபிராங்க் டாராபான்டை 2011 ஜூலையில், இரண்டாவது சீசன் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சேனல் நீக்கியது. எபிசோடுக்கான செலவையும் குறைத்ததாகச் செய்திகள் வந்தன. கிளென் மஸாரா பொறுப்பெடுத்தார். நீக்கத்தையும் பணத்தையும் சுற்றிய வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2021இல் 20 கோடி டாலர் கொடுத்துத்தான் சேனல் சமரசம் செய்துகொண்டது. ஒரே இடத்தில் கதை நின்றுபோனதில் இந்தக் குழப்பத்துக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் பண்ணையில் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒன்று கிணறு. ஒரு நடைப்பிணம் கிணற்றுக்குள் விழுந்து ஊறிக் கிடக்கிறது. சுட்டால் தண்ணீர் கெட்டுப்போகும் என்று ரிக் கூட்டத்தில் ஒருவரான க்ளென்னைக் கயிற்றில் கட்டி இறக்கி, பிணத்தை உயிரோடு மேலே இழுக்கப் பார்க்கிறார்கள். விளிம்புக்கு வரும்போது அது இரண்டாகக் கிழிந்து உள்ளேயே விழுகிறது. ஒரு துப்பாக்கிச் சண்டையும் இல்லாமல், ஒரு குடிநீர்க் கிணறு போய்விட்டது என்பதை வைத்தே வயிற்றைப் பிசையவைத்தார்கள். இன்னொன்று கொட்டகை. காணாமல் போன கேரலின் மகள் சோஃபியாவை ஆறு எபிசோடு தேடிவிட்டு, ஏழாவதில் அந்தக் கொட்டகைக் கதவு திறக்கும்போது கடைசியாக அவள் நடைப்பிணமாக வெளியே வருகிறாள். முன்னால் இருந்த அத்தனை மந்தமும் இல்லாமல் அந்தக் காட்சி அந்த அளவு தாக்காது.

நாங்க விவசாயம் பாக்கற ஆளுங்க தம்பி. ஜூன் 12க்கு மேட்டூர் தொறக்கலன்னாலே எங்களுக்கு அந்த வருஷக் குறுவை போச்சு. இவங்க வருஷக்கணக்கா என்னத்தைத் திங்கறாங்க? வெதை எங்க, உழவு எங்க?

இதைவிட நல்ல கேள்வி யாரும் என்னிடம் கேட்டதில்லை. தொடரின் மிகப் பெரிய ஓட்டையும் இதுதான், அது சரியாகச் செய்யும்போது மிக அழகான பகுதியும் இதுதான்.

நான்காவது சீசன் ஆரம்பத்தில், அவர்கள் குடியேறிய சிறைச்சாலைக்குள் பயிர் வைத்து, பன்றி வளர்த்து, ரிக் துப்பாக்கியை ஓரம் வைத்துவிட்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பார். ஹெர்ஷல் அவருக்கு விவசாயம் சொல்லிக்கொடுப்பார். பிறகு காய்ச்சல் பரவுகிறது. வேலியைப் பிணங்கள் தள்ளிச் சாய்க்கப் போகும்போது, அவற்றைத் திசைதிருப்பத் தான் வளர்த்த பன்றிக்குட்டிகளையே ரிக் ஒவ்வொன்றாக வெட்டிப் போடுகிறார். நோயாளிகள் கிடக்கும் அடைப்புக்குள் ஹெர்ஷல் தானாகப் போய்க் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். உயிரைப் பணயம் வைக்க ஒரு சண்டை தேவையில்லை என்று காட்டிய பகுதி அது. அதை இன்னும் பத்து எபிசோடு நீட்டியிருந்தாலும் நான் பார்த்திருப்பேன்.

ஆனால் சிறை விழுந்ததும் அந்த அக்கறையும் போய்விடுகிறது. டின் உணவைத் தேடி எடுப்பதுதான் வேலை. ரிக்கின் மகன் கார்ல் கூரைமேல் உட்கார்ந்து 112 அவுன்ஸ் சாக்லேட் புட்டிங்கைத் தனியாளாகத் தின்பது எனக்குப் பிடித்த காட்சிதான், ஆனால் டப்பா எத்தனை வருடம் வரும்? பிற்பாடு வரும் ஹில்டாப் என்ற ஊரில் தோட்டம் தெரிகிறது, கிங்டம் என்ற ஊரிலும் தெரிகிறது, ஆனால் விதையை யார் எடுத்து வைத்தார்கள், எலியும் மழையும் எவ்வளவு கொண்டுபோயின, எந்த மாதம் பட்டினி, இதெல்லாம் வாயில் வருவதே இல்லை. ஒன்பதாவது சீசனின் முதல் எபிசோடில் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குள் புகுந்து பழைய காலத்துக் கலப்பையையும் கூண்டு வண்டியையும் உயிரைக் கொடுத்துத் தூக்கி வருகிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் எந்தச் சண்டைக் காட்சியிலும் வந்ததில்லை. எட்டு சீசன் தாமதமாக வந்த கலப்பை.

பிணத்தோட குடலைப் பூசிக்கிட்டா அதுங்களுக்குத் தெரியாதாமே. அப்ப தினமும் பூசிக்கிட்டுப் போக வேண்டியதுதானே? பெட்ரோல் மட்டும் எப்படிக் கெடாம இருக்கு?

பெட்ரோலுக்கு என்னிடம் நியாயம் இல்லை. ஓரிரு வருடத்துக்குள் கெட்டுப்போக வேண்டியது, எட்டாவது சீசன் வரை வண்டிகள் பறக்கின்றன. ஒன்பதிலிருந்துதான் குதிரைக்கும் வண்டிக்கும் மாறுகிறார்கள்.

குடல் விஷயம் வேறு. இரண்டாவது எபிசோடிலேயே ரிக்கும் க்ளென்னும் அதைச் செய்கிறார்கள், மழை வந்து கழுவிவிடுகிறது. ஆறாவது சீசனில் மறுபடி செய்கிறார்கள், கூட்டத்தின் நடுவே சிறுவன் சாம் பயந்து நின்றுவிட, ஒரு குடும்பமே போய்விடுகிறது. ஆக மழையும் பயமும் அந்த வழியைக் கெடுக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பயன்பட்டிருக்கக்கூடிய பல இடங்களில் எல்லாரும் அதை மறந்துவிடுவது எழுத்தாளர்களின் வசதிக்குத்தான். பிணத்தோலை முகமூடியாகப் போட்டுக்கொண்டு பிணங்களோடே நடக்கும் விஸ்பரர்கள் ஒன்பதாவது சீசனில் வரும்போதுதான் அந்த யோசனை முழுசாகக் கதையாகிறது.

கவர்னர், டெர்மினஸ், நீகன், ஆல்ஃபா... ஒருத்தன் போனா இன்னொருத்தன். ஒரே கதையைத்தானே திரும்பத் திரும்ப ஓட்டுறாங்க?

பாதி உண்மை. புது இடம் கிடைக்கும், கொஞ்சம் நிம்மதி, பக்கத்தில் ஒரு கூட்டம், சண்டை, இடம் எரியும், மறுபடி சாலை. இந்தச் சுற்று தெரிந்துவிட்ட பிறகு நிம்மதிக் காட்சி வந்தாலே யார் சாகப்போகிறார்கள் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அது தொடருக்கு நல்லதில்லை.

ஆனால் வில்லன்கள் எல்லாரும் ஒன்று அல்ல. நீகன் கூட்டத்தார் விளைந்ததில் பாதியைக் கொண்டுவந்து கொட்டச் சொல்கிறார்கள், உழைக்காமல் பாதி வாரம் கேட்கிற ஆட்சி அது. குத்தகையும் வாரமும் பார்த்த தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் கதையை விவரித்தபோது, அளக்கும்போது வந்து நிற்பவனுக்குப் பெயர் என்னவாக இருந்தால் என்ன என்றார். கொலையை விட அந்தப் பாதிப் பங்குதான் நீகனின் அதிகாரம். ஏழாவது சீசன் அதை ஆராய்ந்திருக்க வேண்டும். ஹில்டாப்பின் ஏழைகள் அந்தப் பாதி போன பிறகு எப்படிச் சாப்பிட்டார்கள் என்று காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நீகன் நின்று பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார்.

கறுப்பின ஆண்களை வரிசையாக் கொன்னுடறாங்கன்னு ஒரு புகார் இருக்கே. நியாயமா?

நியாயம். டி-டாக் மூன்று சீசன் இருந்தும் அவருக்கு எழுதிய வசனம் மிகக் குறைவு, பிறகு மற்றவரைக் காப்பாற்றிச் சாகிறார். ஆஸ்கர், பாப், டைரீஸ், நோவா என்று ஒருவர் வர ஒருவர் போவதாகவே ஐந்தாவது சீசன் வரை நடந்தது. அமெரிக்காவிலேயே பலர் இதைச் சுட்டிக்காட்டினார்கள். டைரீஸின் சாவு தனி எபிசோடாக நன்றாகவே எடுக்கப்பட்டது, ஆனால் நல்ல சாவு கொடுப்பது நல்ல வாழ்க்கை எழுதியதற்கு ஈடாகாது. பிற்பகுதியில் எசக்கியேல், கேப்ரியேல், மெர்சர் என்று நிலைத்து நிற்பவர்கள் வந்தார்கள். கோனியாக வரும் லாரன் ரிட்லாஃப் நிஜமாகவே காது கேளாதவர். பதினோராவது சீசனில் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் அவர் மாட்டிக்கொள்ளும் எபிசோடில் ஒலி மொத்தமும் அடங்கிப்போகும். பின்னால் என்ன வருகிறது என்று நமக்குத் தெரிகிறது, அவருக்குக் கேட்கவில்லை. கடைசி சீசனில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

க்ளென் செத்ததுக்கு எல்லாரும் ஏன் இவ்ளோ கோவப்பட்டாங்க? காமிக்ஸ்லயும் அப்படித்தானே சாவாரு?

ஆமாம், 100ஆவது இதழில் அப்படியேதான். கோபம் அவர் இறந்ததற்கு இல்லை, நம்மை நடத்திய விதத்துக்கு. 2015 அக்டோபரில், ஆறாவது சீசனின் மூன்றாவது எபிசோடில், க்ளென் பிணக்கூட்டத்தின் நடுவே விழுகிறார். குடலை உருவுவது போல ஒரு காட்சி. தொடக்கப் பெயர்ப் பட்டியலிலிருந்து ஸ்டீவன் யன் பெயரைக்கூட எடுத்துவிட்டார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், குப்பைத்தொட்டிக்கு அடியில் புகுந்து தப்பியிருக்கிறார். மேலே கிடந்த இன்னொருவரின் உடலைத்தான் கிழித்தார்களாம்.

சரி, மன்னிக்கலாம். ஆனால் அதே சீசனின் கடைசியில், 2016 ஏப்ரல் 3 அன்று, நீகன் யாரையோ மட்டையால் அடிக்கிறார், யார் என்று காட்டாமல் திரையைக் கருப்பாக்கிவிட்டார்கள். அக்டோபர் 23 வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஆப்ரகாமையும் பிறகு க்ளென்னையும் கொன்ற விதத்தில் அவ்வளவு கொடூரம். ஆறு மாதம் புதிர் போட்டு வைத்துவிட்டு, ஆறு வருடம் கூட வந்த ஒருவரை அப்படிக் காட்டியபோது, துக்கப்பட வேண்டிய இடத்தில் பலருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வுதான் வந்தது. அன்று அமெரிக்காவில் சுமார் 1.7 கோடிப் பேர் பார்த்தார்கள். எட்டாவது சீசன் முடிவுக்கு வந்தபோது 80 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை பேரும் இதனால்தான் போனார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம்பிக்கை உடைந்த இடம் இதுதான்.

நானும் நீகன் வந்தப்பறம் நிறுத்திட்டேன். கார்லையும் கொன்னுட்டாங்கன்னு கேள்வி. திரும்ப வரணுமா என்ன?

வாருங்கள். கார்ல் விஷயத்தில் உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. காமிக்ஸில் கார்ல் வளர்ந்து பெரியவனாகிக் கடைசி இதழ் வரை இருக்கிறான், அந்தக் கதை முழுவதும் அவன் எப்படிப்பட்ட உலகத்தில் வளர்கிறான் என்பதுதான். 2018 பிப்ரவரியில் அவனைச் சாகவிட்டதும் தொடர் தன் வாரிசை இழந்துவிட்டது. பிறகு அவன் பங்கு வசனமும் காட்சியும் தங்கை ஜூடித், ஹென்றி, லிடியா என்று பலருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஒன்பதாவது சீசனில் ஏஞ்சலா காங் பொறுப்பெடுத்ததும் காற்று மாறுகிறது. பேச்சு குறைகிறது, ஊர் கட்டுவது திரும்ப வருகிறது (கலப்பை இவர் காலத்தில்தான்). ஏழு எட்டில் மனம் ஒட்டாவிட்டால் ஏழின் முதல் எபிசோடு, எட்டின் ஒன்பதாவது, எட்டின் கடைசி, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு நேரே ஒன்பதுக்குப் போங்கள். கதை புரியும்.

ரிக்கே போனப்பறம் என்ன இருக்கு அண்ணே அதுல?

ரிக் 2018 நவம்பர் 4 அன்று, ஒன்பதாவது சீசனின் ஐந்தாவது எபிசோடில் போய்விடுகிறார். எல்லா ஊரையும் இணைக்க அவர் கட்டிக்கொண்டிருந்த பாலத்தைத் தன் கையாலேயே வெடிவைத்துத் தகர்க்கிறார். அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில்தான் திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலம் இடிந்திருந்தது, பாலம் போனால் ஊர் எப்படி இரண்டாகும் என்பது மனதில் இருந்த நேரம். எனக்கு அந்த எபிசோடு கூடுதலாகவே வலித்தது.

பிறகு கதை ஆறு வருடம் தாண்டுகிறது. விஸ்பரர்கள் வருகிறார்கள், சமந்தா மார்ட்டன் ஆல்ஃபாவாக வருகிறார், தொடர் மறுபடி பயமுறுத்த ஆரம்பிக்கிறது. பதினைந்தாவது எபிசோடில் நான்கு ஊரும் சேர்ந்து சந்தை நடத்தும் நாளில் எல்லைக் கம்பங்களில் பத்துத் தலைகள். மேலே க்ளென் பற்றிச் சொன்னேனே, அதனோடு இதை வைத்துப் பாருங்கள். இங்கே கொலையைக் காட்டவே இல்லை. ஆறு மாதமும் இழுக்கவில்லை. யார் யார் என்று அந்த எபிசோடிலேயே சொல்லிவிட்டு, அவர்கள் எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பதை ஒருவர் ஊரைக் கூட்டிச் சொல்கிறார். அதே தொடர், அதே கொடுமை, ஆனால் இப்போது நமக்கு அழ முடிகிறது.

கஜாவுல நாம படாததா? அப்ப யாரும் யாரையும் வெட்டிக்கலையே. மனுசன் இவ்ளோ மோசம்னு காட்டறது பொய்தானே?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறிய பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து டீசல் வாங்கி, ஜெனரேட்டர் வைத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகச் சமைத்தார்கள். செல்போனுக்குச் சார்ஜ் போடக் காசு கேட்டவர்களும் உண்டு, நிவாரணத்தில் சண்டையும் உண்டு, ஆனால் பொதுவில் மனிதர்கள் சேர்ந்துதான் நின்றார்கள். அந்நியன் என்றால் முதலில் எதிரி என்று இந்தத் தொடர் எடுத்துக்கொள்வது அதன் பலவீனம் என்றே நானும் நினைக்கிறேன். பேரிடருக்குப் பிறகு உலகில் பல இடங்களிலும் காணப்படுவது உதவிதான்.

ஒன்று மட்டும் சேர்த்து யோசியுங்கள். நமக்கு லாரி வரும், மின்வாரிய ஆட்கள் வெளி மாவட்டத்திலிருந்து வருவார்கள் என்று தெரியும். தொடரில் யாரும் வரமாட்டார்கள், எப்போதுமே. அந்த நிலையிலும் சேர்ந்து நிற்பார்களா என்பதுதான் அதன் கேள்வி. அதற்கு ஆம் என்று அது சொல்லும் இடங்களை, ஹெர்ஷலின் கஷாயம், ஒன்பதாவது சீசன் கடைசியில் பனிப்புயலில் கிங்டத்து மக்கள் கிளம்பிப் போவது, இவற்றை நம் ஊர்க்காரர்கள் யாரும் பொய் என்று சொன்னதில்லை.

கடைசி எபிசோடு எப்படி? கிளைத் தொடர்லாம் பாக்கணுமா?

காமன்வெல்த் கதை நன்றாகவே ஆரம்பித்தது. ஐம்பதாயிரம் பேர் வாழும் நகரம், பழைய உலகத்தின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் அப்படியே. முடிவு அவசரம். ரோசிட்டாவின் பிரிவு மட்டும் மனதில் நிற்கும். மற்றவர்களைக் கொல்லவும் முடியவில்லை, முழுசாக விடைகொடுக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அவர்களை வைத்து அடுத்த தொடர்கள் அறிவித்தாயிற்று. அன்றைக்கு அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் 23 லட்சம். 2014இல் ஐந்தாவது சீசன் தொடங்கிய அன்று 1.73 கோடி.

கிளைகளில் முதலில் 2024இல் வந்த ஆறு எபிசோடு, தி ஒன்ஸ் ஹூ லிவ். ரிக்குக்கும் அவருடைய துணைவி மிஷோனுக்கும் கிடைக்க வேண்டிய முடிவு அங்கேதான் இருக்கிறது. ஃபியர் தி வாக்கிங் டெட் முதல் மூன்று சீசன் மட்டும் பாருங்கள், மூன்றாவது மிக நன்றாக இருக்கும். மற்றவை உங்கள் விருப்பம்.

கேரல் அந்தச் சின்னப் பொண்ணைச் சுட்டது சரியா? எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.

நான்காவது சீசனின் பதினான்காவது எபிசோடு. லிஸி, பிணங்கள் விளையாட்டுத் தோழர்கள் என்று நம்பும் சிறுமி. அதை நிரூபிக்கத் தங்கை மிக்காவைக் குத்திக் கொன்றுவிட்டு, பொறுங்கள், எழுந்துவிடுவாள் என்கிறாள். அடுத்து கைக்குழந்தை ஜூடித். காவலில் வைக்கச் சிறை இல்லை, மருத்துவர் இல்லை, தூங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கேரல் பூக்களைப் பார் என்கிறார்.

சரி என்று என்னால் சொல்ல முடியாது. தப்பு என்று சொன்னால், அந்த இரவு ஜூடித்தை யார் காப்பாற்றியிருப்பார்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எழுத்தாளர்கள் தப்பிக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் கேரல் அந்தப் பெண்களோடு பருப்புக்கொட்டை வறுத்துச் சாப்பிட்டு, இங்கேயே இருந்துவிடலாமா என்று பேசும் நிதானமான காட்சிகள் நிறைய. முதல் பதிலில் சொன்ன நிதானம் இதுதான். அதன் பிறகு கேரல் செய்யும் ஒவ்வொன்றிலும் இந்தக் காட்சி இருக்கிறது, ஏழு சீசன் கழித்தும்.

நீகனை மேகி மன்னிச்சுட்டாளா இல்லையா? கடைசில ரெண்டு பேரும் ஒரே அணில நிக்கறாங்களே, அது எப்படிங்க ஏத்துக்கறது?

மன்னிக்கவில்லை. க்ளென்னின் மனைவியான மேகி கடைசி எபிசோடில் நேராகவே சொல்கிறார். தன் மகனைக் காப்பாற்ற நீகன் உதவியதற்கு நன்றி, ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாலே அந்த மட்டை இறங்குவதுதான் தெரிகிறது, மன்னிக்க முடியவில்லை, வெறுத்துக்கொண்டே இருக்கவும் விருப்பமில்லை என்கிற அர்த்தத்தில். நீகனும் அதற்கு மேல் கேட்பதில்லை.

ஜெஃப்ரி டீன் மார்கன் நன்றாக நடிக்கிறார் என்பதற்காகவே தொடர் நீகனை மெல்ல நல்லவனாக்கியது என்று பலருக்குக் கோபம். பத்தாவது சீசனின் கடைசி எபிசோடில் நோயுற்ற அவனுடைய மனைவி லூசில் இறக்கும் கதையைப் பார்த்து இரக்கம் வந்தது என்பதும் உண்மை, வந்ததற்காகச் சங்கடப்பட்டதும் உண்மை. எட்டு வயதிலோ பத்து வயதிலோ ஒரு பையன் அப்பாவைக் கொன்றவன் யார் என்று கேட்கும்போது, அவன் இப்போது நமக்கு உதவுகிறான் என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? அந்தச் சங்கடத்தைத் தொடர் மேகியின் மேல் வைத்தது, தீர்த்துவைக்கவில்லை. 2023இல் அந்த இருவரை மட்டும் வைத்தே டெட் சிட்டி என்று இன்னொரு தொடர் ஆரம்பித்தார்கள். அங்கேயும் அவள் அவனை மன்னித்துவிட்டு வரவில்லை, மகனைக் கடத்திவிட்டார்கள் என்பதால் வருகிறாள்.